பத்து ரூபாய் முதலீடு: உங்கள் காசு யார் கையில் இருக்கிறது?

கைபேசிச் செயலிகள் வழியாகச் சிறு தொகை முதலீடு பெருகிவருகிறது. மொய்யும் சீட்டும் பழகிய புதுக்கோட்டைக்காரர்கள் இதில் இறங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஆடி பிறந்துவிட்டால் ஆலங்குடி வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தல்கள் எழத் தொடங்கும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் பக்கத்தில் மட்டுமின்றி, மாவட்ட எல்லை தாண்டிப் பேராவூரணிப் பகுதியிலும் இதே காட்சிதான். கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷமும் வேண்டியதில்லை. பந்தல் செலவைப் பகிர்ந்துகொள்ளப் பலர் சேர்ந்து ஒரே இடத்தில் விருந்து வைப்பார்கள். உள்ளே இலை போட்டுக் கறிச்சோறு. வாசலில் ஆளுக்கொரு மேசை. பேர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். இப்போது பல பந்தல்களில் பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும் வந்துவிட்டன. வாங்கிய மொய்யை, செய்தவர் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. இப்படிச் சேர்ந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், வீடு கட்டியவர்கள், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் இந்த ஊர்களில் நிறையப் பேர்.

அதே ஊர்க்காரர்களின் கைபேசியில் இப்போது வேறோர் அழைப்பு வருகிறது. ‘தினம் 10 ரூபாய் போதும்’, ‘மாதம் 250 ரூபாயில் மியூச்சுவல் ஃபண்ட்’ என்று நிதித் தொழில்நுட்ப நிறுவனங்கள் கூப்பிடுகின்றன. சேமிக்கத் தெரிந்தும் முதலீட்டுச் சந்தையின் வாசலை எட்டாமல் இருந்தவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் ஒரே மாதிரி விளம்பரத்துக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: நான் போட்ட காசு இப்போது யார் கையில் இருக்கிறது?

நுண் முதலீடு என்றால் என்ன?

சிறு காசின் அருமை புதுக்கோட்டைக்குப் புதிதில்லை. சமஸ்தான காலத்தில் இங்கே புழங்கிய அம்மன் காசு, அணாவில் இருபதில் ஒரு பங்கு. ஒரு ரூபாய்க்கு 320 காசு. ஏழையும் கொடுக்கல் வாங்கலில் கலந்துகொள்ள அப்படிப்பட்ட சின்ன நாணயம் தேவைப்பட்டது. முதலீட்டுச் சந்தையில் அந்தச் சின்ன நாணயம் வெகுகாலம் இல்லாமலே இருந்தது. 5,000 ரூபாய், 1,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகை வைத்திருந்ததால் மாதச் சம்பளக்காரர்கள் மட்டுமே நுழைய முடிந்தது.

அந்தத் தொகையைப் பத்து, நூறு என்று இறக்கி, பணம் எடுப்பதையும் கணக்கு வைப்பதையும் தானியங்கியாக்கினால் அதுதான் நுண் முதலீடு. அமெரிக்காவில் 2012-ல் உருவான ஏக்கார்ன்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. கடையில் அட்டை தேய்க்கும்போது மிஞ்சும் சில்லறையைச் சேர்த்து முதலீடு செய்வது அதன் வழி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மளிகைக் கடையில் 43 ரூபாய் கட்டினால் செயலி அதை 50 ஆக எண்ணி, மீதி 7 ரூபாயை முதலீட்டுக்கு எடுத்துவைக்கும்.

இந்தியாவில் இது பரவ யுபிஐ வழி திறந்தது. 2016-ல் யுபிஐ வந்தது. 2020-ல் அதில் ‘ஆட்டோபே’ சேர்ந்தது. ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் குறித்த நாளில் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும். 2021-ல் பெங்களூருவில் தொடங்கிய ‘ஜார்’ செயலி இந்த வசதியை வைத்துத்தான் தினமும் சிறு தொகையை எடுத்து டிஜிட்டல் தங்கமாக மாற்றித் தருகிறது.

பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் சில நிறுவனங்கள் முன்பே 100 ரூபாய் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) வைத்திருந்தன. 2025 ஜனவரியில், பங்குச் சந்தையின் கண்காணிப்பாளரான செபி, மாதம் 250 ரூபாய் எஸ்ஐபியைப் பரவலாக்கும் திட்டத்தை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அடுத்த மாதமே எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்ட் ‘ஜன்நிவேஷ்’ என்ற பெயரில் 250 ரூபாய் எஸ்ஐபியைத் தொடங்கியது. யோனோ, பேடிஎம், குரோ, ஜெரோதா ஆகிய செயலிகள் வழியாக அதில் சேர வழி செய்யப்பட்டது.

250 ரூபாய் எங்கே போகிறது?

ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்கும் ஓர் அம்மா ஜன்நிவேஷில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவை பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைந்த கைபேசி எண். அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததும் ஆட்டோபேக்கு அனுமதி தருகிறார்.

குறித்த தேதியில் அவர் கணக்கிலிருந்து 250 ரூபாய் கழிகிறது. இந்தப் பணம் செயலி நடத்தும் நிறுவனத்தின் கணக்கில் போய்த் தங்கக் கூடாது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் பணத்தைத் தங்கள் கணக்கில் மொத்தமாகத் திரட்டி வைத்து அனுப்பும் வழக்கத்தை செபி தடை செய்துவிட்டது; 2022 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பணம் முறைப்படுத்தப்பட்ட வழியாக ஃபண்டுக்கே போய்ச் சேரும். அன்றைய விலைக்கு ஃபண்டில் அவருடைய பங்கான யூனிட்கள் ஒதுக்கப்படும். ஒரு யூனிட் 15 ரூபாய் என்றால் சுமார் 16.7 யூனிட்.

ஜன்நிவேஷ் பணம் போவது எஸ்பிஐயின் பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டுக்கு. அது பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்துப் போடும் வகை. வாங்கிய பங்குகளைத் தனியான பாதுகாவலர் நிறுவனம் வைத்திருக்கும். திட்டத்தை நடத்துவோர் ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க அறங்காவலர்கள் உண்டு. யாருக்கு எத்தனை யூனிட் என்ற பதிவேடு இன்னோர் இடத்தில் இருக்கும். எஸ்பிஐ உட்பட நாட்டின் பெரிய மியூச்சுவல் ஃபண்டுகள் பலவற்றுக்கும் அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் நிறுவனம். மொய் நோட்டு விருந்து வைத்தவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். இந்த நோட்டோ பணம் வாங்கியவரிடமும் இல்லை, வாங்கித் தந்தவரிடமும் இல்லை, மூன்றாவது ஆளிடம் இருக்கிறது.

இதனால் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது. நாளைக்குச் செயலி நிறுவனமே மூடப்பட்டாலும் அந்த அம்மாவின் யூனிட்கள் அவர் பெயரிலேயே இருக்கும். ஃபண்ட் நிறுவனத்தின் கிளைக்கோ கேம்ஸ் சேவை மையத்துக்கோ போய் முதலீட்டுக் கணக்கின் ஃபோலியோ எண்ணைச் சொல்லிப் பணத்தை எடுக்கலாம். அதற்காகவே ஃபோலியோ எண்ணைத் தனியாக ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். நாமினி பெயரையும் முதல் நாளே பதிந்துவிட வேண்டும். ஒரே கைபேசியை வீடே பயன்படுத்தும் குடும்பங்களில் கணக்கு அம்மா பெயரிலும், கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மகன் பெயரிலும் இருப்பதுண்டு. பிற்பாடு வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுதான் தொடக்கம்.

இந்தப் பாதுகாப்பு பணம் களவு போகாமல் இருக்கத்தான். சந்தை விலை இறங்கினால் யூனிட்டின் மதிப்பும் இறங்கும். அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

தங்கச் செயலி வேறு விஷயம்

தங்கம் என்றால் நம் வீடுகளில் தனி நம்பிக்கை. தினம் 10 ரூபாய்க்குத் தங்கம் என்ற வார்த்தை எளிதில் மனதைத் தொடுகிறது. டிஜிட்டல் தங்கத்தில் நீங்கள் வாங்கும் எடைக்கு ஈடான தங்கத்தைத் தங்கள் பெட்டகத்தில் வைத்திருப்பதாக விற்கும் நிறுவனம் சொல்கிறது. செயலி பெரும்பாலும் இடையில் நிற்பதுதான்.

முதலில் செலவைப் பார்ப்போம். வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி. 100 ரூபாய் கொடுத்தால் ஏறத்தாழ 97 ரூபாய்க்குத்தான் தங்கம் கிடைக்கும். அடுத்து, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி உண்டு. அது 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இன்று வாங்கி இன்றே விற்பவர் கைக்கு 94 ரூபாய் வரும். தங்கத்தின் விலை சுமார் 6 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட முதலே திரும்பும். செய்கூலி சேதாரம் கொடுத்து நகை வாங்குவதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் நகையைப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது பொறுப்பு யாருடையது என்பது. 2025 நவம்பர் 8 அன்று செபி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. டிஜிட்டல் தங்கம் தன் ஒழுங்குமுறைக்குள் வராத பொருள், அதில் பிரச்சினை வந்தால் முதலீட்டாளர் பாதுகாப்பு ஏற்பாடுகள் எதுவும் பொருந்தாது என்பதே அதன் சாரம். டிஜிட்டல் தங்கம் விற்பது மோசடி என்று செபி சொல்லவில்லை. மியூச்சுவல் ஃபண்டுக்கு இருக்கும் பாதுகாவலர், அறங்காவலர், புகார் வழி என்ற சட்டபூர்வ ஏற்பாடு இதற்கு இல்லை என்கிறது. தங்கத்தில்தான் சேமிக்க வேண்டும் என்பவர்களுக்கு செபியின் ஒழுங்குமுறைக்குள் வரும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஈடிஎஃப் இருக்கிறது. அதில் பணம் போடும் தங்க மியூச்சுவல் ஃபண்டுகளும் உண்டு.

மொய்யால் தாங்க முடியாதது

உள்ளூர் சேமிப்பு முறைகளைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. வங்கி மேலாளர் ஏறெடுத்தும் பார்க்காத விவசாயிக்கு மொய் முதல் கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மொய் வாங்கியவர், செய்தவர், அடுத்துச் செய்ய வேண்டியவர் என எல்லோரும் அதே தோப்பையும் அதே மழையையும் நம்பியவர்கள். எல்லோர் கையும் ஒரே நாளில் வறண்டது. ஒரே வட்டாரத்துக்குள் சுற்றும் பணத்தால் அந்த வட்டாரத்துக்கே வரும் அடியைத் தாங்க முடியாது.

மியூச்சுவல் ஃபண்டில் போடும் 250 ரூபாய், பல ஊர்களில் பல தொழில் செய்யும் நிறுவனங்களுக்குப் பிரிந்து போகிறது. கீரமங்கலத்தில் தென்னை விழுந்தாலும் குஜராத்தில் ஆலை ஓடும். சிறு முதலீட்டாளருக்கு இதில் கிடைக்கும் உண்மையான நன்மை இந்தப் பரவல்தான். முன்பு பெரும் பணக்காரர்களால் மட்டுமே இப்படிப் பிரித்துப் போட முடிந்தது.

சந்தைக்கும் அதன் புயல்கள் உண்டு. 2020 மார்ச் 23 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. அந்த ஜனவரியில் இருந்த உச்சத்திலிருந்து கணக்கிட்டால் சரிவு 38 சதவீதம். சென்செக்ஸை அப்படியே பின்பற்றும் ஒரு ஃபண்டில் உச்சத்தின்போது 3,000 ரூபாய் போட்டிருந்தவர் அன்று திறந்து பார்த்தால் 1,860 ரூபாய்தான் இருந்திருக்கும். அதே ஆண்டு நவம்பரில் சந்தை பழைய நிலைக்கு வந்தது. பொறுத்திருக்க முடிந்தவருக்கு நட்டம் இல்லை. மருத்துவச் செலவுக்காக ஏப்ரலில் விற்க நேர்ந்தவருக்கு நட்டம் உறுதியானது. ஆகவே ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

சின்னத் தொகையைத் தின்னும் கட்டணம்

10,000 ரூபாய்க்கு 20 ரூபாய் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. 100 ரூபாய்க்கு 20 ரூபாய் என்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நுண் முதலீட்டில் கூர்ந்து பார்க்க வேண்டியது இந்த நிலையான கட்டணங்களைத்தான். பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கிலிருந்து பங்கை விற்கும்போது, தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒரு நிலையான கட்டணம் பிடிக்கப்படும். 100 ரூபாய் பங்கை வாங்கி விற்று விளையாடுபவருக்கு லாபம் அங்கேயே கரையும். அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்ற வகையில் 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. தேவைப்படுபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுக்கு டீமேட் கணக்கே கட்டாயமில்லை.

மியூச்சுவல் ஃபண்டின் செலவு வெளியே தெரியாமல் விலைக்குள்ளேயே கழிந்துவிடும். ஒரே ஃபண்டுக்கு ‘ரெகுலர்’, ‘டைரக்ட்’ என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையில் விநியோகஸ்தரின் கமிஷன் சேர்ந்திருக்கும். 2013-ல் வந்த இரண்டாவது வகையில் அது இல்லை. ஆலோசனை சொல்லி, படிவம் நிரப்பி, வீடு தேடி வந்து உதவும் ஒருவர் இருந்தால் அந்தக் கமிஷனுக்குப் பொருள் உண்டு. உங்கள் செயலி எந்த வகையை விற்கிறது என்பதை மட்டுமாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு செலவைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோபே திரும்பினால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது, வங்கி போடலாம். சில வங்கிகளில் அந்த அபராதம் 250 ரூபாயைத் தாண்டும். தவணையைவிட அபராதம் பெரிது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் வருமானம் இல்லை. பூ, பலா, முந்திரி எல்லாவற்றுக்கும் பருவம் உண்டு. மாதச் சம்பளத்தை மனதில் வைத்து வடிவமைத்த தவணை இவர்களுக்குப் பொருந்தாது. எஸ்ஐபியைச் சில மாதம் நிறுத்திவைக்கும் வசதி பல ஃபண்டுகளில் உண்டு. தடைக்காலத்துக்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும். தவணையே இல்லாமல், கையில் பணம் இருக்கும்போது மட்டும் போடுவதும் நல்ல வழிதான்.

யார் தொடங்கலாம், யார் பொறுக்கலாம்?

மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் கடன் இருப்பவர் முதலில் அதை அடைக்கட்டும். அது ஆண்டுக்கு 24 சதவீதம். எந்த ஃபண்டும் உறுதியாக 24 சதவீதம் தராது. வாரத் தவணை கட்டும் குழுக் கடன் இருக்கும் வீட்டுக்கும் இதேதான். கடனை அடைப்பதே அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த முதலீடு.

அடுத்து, ஒரு மாதச் செலவுக்காவது பணம் வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்க வேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயில் சேரலாம். 2023 அக்டோபரில் அதன் வட்டி 6.7 சதவீதம் ஆக்கப்பட்டது. அந்த விகிதத்தில் ஐந்து ஆண்டில் 6,000 ரூபாய் கட்டினால் சுமார் 7,136 ரூபாய் கிடைக்கும். ஏற்ற இறக்கம் இல்லை, அரசின் உறுதி உண்டு. பயந்த மனத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இவை இரண்டும் கைகூடிய பிறகு சந்தைக்கு வரலாம். மாதம் 250 ரூபாய் வீதம் பத்து ஆண்டு போட்டால் மொத்தம் 30,000 ரூபாய். ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதம் வளர்ந்தால் சுமார் 46,000 ஆகும். 10 சதவீதம் என்றால் 51,600. இவை அனுமானக் கணக்குகள். சந்தை எந்த வாக்கும் கொடுப்பதில்லை. இந்தத் தொகையில் வீடு கட்ட முடியாது, மகள் கல்யாணமும் நடக்காது. 250 ரூபாய் எஸ்ஐபி உங்களைப் பணக்காரர் ஆக்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சிறு தொகையின் பயன் பழகுவதில் இருக்கிறது. யூனிட் என்றால் என்ன, விலை இறங்கும்போது மனம் என்ன பாடுபடும், பணத்தைத் திரும்ப எடுக்க எத்தனை நாள் ஆகும் என்பதையெல்லாம் அதிகம் இழக்காமல் கற்றுக்கொள்ளலாம். வருமானம் உயரும்போது தொகையைக் கூட்டினால்தான் வாழ்க்கையில் மாற்றம் தெரியும்.

போலிகளை எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குத் தொடர்ந்தது. இப்போது அதே ஆசையைப் போலிச் செயலிகள் தூண்டுகின்றன. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் சேர்த்து, திரையில் லாபம் ஏறுவதுபோலக் காட்டி, எடுக்கப் போனால் ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்பார்கள்.

இதைத் தடுக்கச் சில எளிய சோதனைகள் உண்டு. செயலி நடத்தும் நிறுவனத்துக்கு செபி பதிவு எண்ணோ மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கான ஏஆர்என் எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவு பெற்ற தரகர்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும் பணம் பெறுவதற்கென ‘வேலிட்’ என்ற சொல் அடங்கிய தனி யுபிஐ முகவரியை செபி 2025 அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. முதலீடு செய்ததற்கு அடுத்த மாதம் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்ததா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் செபியின் இலவச எண் 1800 22 7575-ல் கேட்கலாம். பணம் பறிபோனது தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

வேண்டும் இன்னோர் அறிவொளி

செயலிகள் வாசலைத் திறந்துவிட்டன. உள்ளே நடக்கக் கற்றுத்தர ஆள் இல்லை. பல செயலிகளில் விளம்பரம் நல்ல தமிழிலும், நிபந்தனைகள் நுணுக்கமான ஆங்கிலத்திலும் இருக்கின்றன. கையெழுத்துக்குச் சமமான ஒப்புதலை ஒருவர் தன் மொழியில் படிக்காமலே கொடுக்க வேண்டியிருப்பது அநீதி. திட்ட விவரம், கட்டணம், அபாயம் மூன்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் காட்டாமல் பணம் எடுக்க அனுமதிக்கக் கூடாது என்று செபி விதி கொண்டுவர வேண்டும்.

மக்களுக்குக் கற்றுத்தர முடியுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையே பதில். 1991-ல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரிக் கூலிகளாக இருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கணக்கும் உரிமையும் ஒன்றாகப் போகும் என்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இன்று மகளிர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. குழுக் கூட்டத்தில் வரவு செலவு படித்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு கணக்கு அறிக்கையை எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். அதற்கான பயிற்சியாளர்களை மாவட்ட நிர்வாகமும் முன்னோடி வங்கியும் தர வேண்டும். அதுவரை யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. என் காசு யார் கையில், எந்தச் சட்டத்தின் கீழ், எடுக்க என்ன செலவு என்ற மூன்றுக்கும் தமிழில் தெளிவான பதில் கிடைத்த பிறகு ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தினால் போதும்.